சந்திரகாந்தக் கல்: ஐயமும் சான்றும்

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், பொருளைத் தேடுமுன்பே ஆளைத் தேடத் தொடங்குவது உலக வழக்கம். கோப்பெங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் வாழ்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. துரை பங்களாவில் வெள்ளிக் கரண்டி ஒன்று குறைந்தால் சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர் ஆகியோர்மீதே முதற்பார்வை விழும். லயத்தில் ஒரு கோழி காணாமற்போனால் அண்மையில் வந்து குடியேறிய குடும்பத்தின் பெயரே முதலில் அடிபடும். பொருள் மறுநாளே கிடைத்துவிடலாம்; அடிபட்ட பெயர் அத்துணை எளிதில் மீள்வதில்லை.

இந்த மனித இயல்பைக் கருவாகக் கொண்டு எழுந்த ஆங்கில நாவல் ஒன்று உண்டு. வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' என்பது அதன் பெயர். 'சந்திரகாந்தக் கல்' என்று நாம் தமிழிற் கூறலாம். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1868ஆம் ஆண்டு தொடராக வெளிவந்து, அவ்வாண்டிலேயே நூலாகவும் வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுள் முதலாவதும் தலைசிறந்ததும் இதுவே என்று கவிஞர் டி. எஸ். எலியட் பாராட்டினார். பின்வந்த பல துப்பறியும் கதைகளில் நாம் காணும் நாட்டுப்புற மாளிகை, திறமையற்ற உள்ளூர்க் காவலர், தலைநகரிலிருந்து வரும் துப்பறிவாளர், யாரும் எதிர்பாராத குற்றவாளி ஆகிய அமைப்புகள் அனைத்தும் இந்நூலில் இடம்பெற்றுள்ளன. எனினும், தமிழ் கற்பிப்போர் இதனை அறிய வேண்டுவது அதன் புகழுக்காக மட்டுமன்று. ஐயத்திற்கும் சான்றுக்கும் உள்ள தொலைவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதைகள் மிகச் சில என்பதற்காகவே ஆகும்.

சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய களவு

நாவலின் பெரும்பகுதி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையை அடுத்த ஒரு சிற்றூரில் நிகழ்கிறது. ஆயினும் கதை தொடங்குமிடம் தென்னிந்தியா. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. திப்பு சுல்தான் போரில் மாண்டார். அன்று கோட்டையில் நடந்த கொள்ளை வரலாறு கண்ட உண்மை. திப்புவின் அரண்மனையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட, வெள்ளையனை வீழ்த்தும் மரப்புலி இன்றும் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

இந்த உண்மையோடு காலின்ஸ் தம் கற்பனையைப் பொருத்துகிறார். சந்திரனுக்குரிய தெய்வத்திருவுருவின் நெற்றியில் ஒளிர்ந்த மஞ்சள் வைரம் ஒன்று, காலப்போக்கில் பல கைமாறித் திப்புவின் கருவூலத்தை அடைகிறது. அதைக் காத்து மூன்று அந்தணர் வழிவழியாகப் பின்தொடர்கின்றனர். கோட்டை வீழ்ந்த நாளில் ஹெர்ன்காசில் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, காவலரைக் கொன்று வைரத்தைக் கவர்கிறான். ஆண்டுகள் பல கடந்து அவன் இறக்கும்போது, தன் உடன்பிறந்தாள் மகளான ரேச்சலுக்கு அதனை எழுதிவைக்கிறான். 1848ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ரேச்சலின் பிறந்தநாளன்று வைரம் அவள் கைக்கு வருகிறது. அன்றிரவே அது மறைந்துபோகிறது.

நாவல் வெளிவந்த காலத்தையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின் இங்கிலாந்தில் இந்தியர்மீது வெறுப்பு மிகுந்திருந்தது. அந்தச் சூழலில், முதற் களவைச் செய்தவன் ஆங்கிலேயனே என்று கதையைத் தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். அதே வேளையில், கதையில் வரும் அந்தணர்கள் பெரிதும் ஆசிரியரின் கற்பனையாற் படைக்கப்பட்டவர்கள் என்பதையும் மறைத்தல் ஆகாது. அவர்கள் தம் கதையைத் தாமே சொல்லும் வாய்ப்பு நாவலில் இல்லை.

பெரிய வீடும் சிற்றூரும்

துப்பறியும் கதைக்கு நாட்டுப்புறம் ஏன் ஏற்ற களமாயிற்று? பெருநகரில் யார் வந்தார், யார் போனார் என்று எவரும் நோக்குவதில்லை. சிற்றூரிலோ ஒவ்வொருவர் நடையும் மற்றவர்க்குத் தெரியும். விளக்கு எந்நேரம் அணைந்தது, கடையில் யார் என்ன துணி வாங்கினார், கடற்கரைப் பக்கம் யார் தனியே நடந்தார் என்பவற்றையெல்லாம் சொல்ல ஆள் உண்டு. ஆகவே சான்றுகள் மிகுதி. ஆனால் அதே சிற்றூரில் வேற்றாள் என்றால் உடனே கண்ணிற்படுவான்; ஐயமும் உடனே அவன்மேற் பாயும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று போராடுவதே இத்தகைய நாவலின் உயிர்.

பேராக் மக்கள் அத்தகைய மாளிகையைக் கற்பனை செய்து பார்க்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் வழியில் நிற்கும் கெல்லி மாளிகை, ஸ்காத்லாந்துத் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் எழுப்பத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் அதில் உண்டு. அவர் 1926ஆம் ஆண்டு லிஸ்பனில் இறந்தபின் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஒரு குடும்பம் வாழ்வதற்காக ஒரு பெரிய வீடு. அதைச் சுற்றி அவ்வீட்டாரை நம்பிப் பிழைக்கும் பலர். வீட்டாருக்கும் பணியாளருக்கும் இடையே ஒருநாள் ஐயம் புகுந்தால், பேசும் உரிமை யாருக்கு, பேசாமல் நிற்க வேண்டியவர் யார் என்பதை அந்த அமைப்பே முடிவு செய்துவிடுகிறது. யார்க்‌ஷயர் மாளிகையின் நிலையும் இதுவே.

வைரம் மறைந்ததும் உள்ளூர்க் காவல் அதிகாரி சீகிரேவ் வருகிறார். அவர் முதலில் ஐயுறுவது வேலைக்காரப் பெண்களை. வித்தைக்காரர் வேடத்தில் ஊருக்குள் வந்திருந்த மூன்று இந்தியர்களும் பிடிபடுகின்றனர். களவு நடந்த இரவில் அவர்கள் வேறிடத்தில் தங்கியிருந்தமைக்குச் சான்று கிடைத்துவிடுகிறது. அப்படியிருந்தும் நாடோடிகள் என்ற சிறு குற்றத்தைக் காட்டி அவர்களைச் சில நாள் சிறையில் வைத்திருக்கின்றனர். இந்தக் குற்றம் இல்லையேல் வேறொரு குற்றம். எப்படியும் வேற்றாள் சிறைக்குள் இருந்தால்தான் ஊர் அமைதியாக உறங்கும்!

காயாத வண்ணம்

இனி, இலண்டனிலிருந்து ஸார்ஜண்ட் கஃப் வருகிறார். ரோஜாச் செடிகளில் மிக்க விருப்பமுள்ள, மெலிந்த, முதிய மனிதர். ரேச்சலின் அறைக் கதவில் தீட்டியிருந்த வண்ணம் ஓரிடத்தில் சற்றே கலைந்திருப்பதை அவர் காண்கிறார். பெண்களின் பாவாடை பட்டுக் கலைந்திருக்கும் என்று சீகிரேவ் அதனை ஒதுக்கிவிட்டவர். கஃப் அவ்வாறு விடவில்லை. வண்ணம் தீட்டி முடித்தது முதல்நாள் பிற்பகல் 3 மணிக்கு. அது காய்வதற்கு 12 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் கதவு பழுதின்றி இருந்தது. எனவே நள்ளிரவுக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே யாரோ ஒருவருடைய ஆடை அதில் உராய்ந்திருக்க வேண்டும். அந்த ஆடையைக் கண்டுபிடித்தால் அதை அணிந்தவரையும் கண்டுபிடிக்கலாம்.

இது நம் நூலோர்க்குப் புதிய முறை அன்று. அறிவு பெறும் வழிகளைச் சைவ நூலோர் காண்டல், கருதல், உரை என்று மூவகைப்படுத்தினர். புகையைக் கண்டு நெருப்புண்டு எனத் துணிவது கருதல். மணிமேகலையின் 29ஆம் காதை, இத்தகைய அளவைகளையும் அவற்றில் நேரும் போலிகளையும் விரித்துரைக்கிறது. கதவில் கலைந்த வண்ணம் கஃப் கண்ட புகை. உராய்ந்த ஆடை அவர் கருதிய நெருப்பு. மூன்றாவதாகிய உரையை இங்கே சாட்சியின் சொல்லுக்கு ஒப்பிடலாம். பிறர் கூறியதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அதில் எழும் கேள்வி.

நாவலின் கட்டமைப்பே இக்கேள்விக்கு விடையாக அமைந்துள்ளது. கதையை ஒருவர் சொல்லவில்லை. முதிய வீட்டுக் காரியக்காரர் பெட்டரெட்ஜ், உறவினளான கிளாக், வழக்கறிஞர் பிரஃப், ரேச்சலை விரும்பும் பிராங்க்ளின் பிளேக் எனப் பலர் பகுதி பகுதியாக எழுதுகின்றனர். ஒவ்வொருவரும் தாம் நேரிற் கண்டதை மட்டுமே எழுத வேண்டும்; பின்னர் அறிந்ததைப் புகுத்தக் கூடாது. இதுவே அவர்களுக்கு விதித்த கட்டுப்பாடு. இதனால் ஒவ்வொருவர் பார்வைக்கும் உள்ள எல்லை நமக்குப் புலனாகிறது.

ரோசன்னாவின் முடிவு

கஃப் பெரும் அறிஞர். எனினும் அவரும் தவறுகிறார். ரேச்சல் தன் கடனைத் தீர்க்கத் தானே வைரத்தை மறைத்தாள் என்றும், வேலைக்காரி ரோசன்னா ஸ்பியர்மன் அதற்கு உடந்தை என்றும் அவர் முடிவு செய்கிறார். ரோசன்னா முன்னொரு காலத்தில் திருடிச் சிறை சென்றவள். திருந்தி வாழ இவ்வீட்டிற் பணிக்கு அமர்ந்தவள். அவள் இரகசியமாகத் துணி வாங்கி இரவு உடை தைத்ததும், கடற்கரைப் புதைமணல் பக்கம் தனியே சென்றதும் மெய்யே. அவள் செயல்கள் யாவும் ஐயத்திற்கு இடந்தருவன. ஆனால் அவள் காத்தது திருட்டுப் பொருளை அன்று. வண்ணக்கறை படிந்த இரவு உடையையே அவள் மறைத்தாள். அவ்வுடைக்கு உரியவன் அவள் மனத்தில் வைத்திருந்த பிராங்க்ளின் பிளேக். அவனோ அவளை ஏறிட்டும் பார்த்ததில்லை. ஐயத்தின் பாரமும் அன்பின் பாரமும் தாங்காமல் அந்தப் பெண் புதைமணலில் உயிரை விடுகிறாள்.

வைரத்தை எடுத்தவன் பிளேக்தான். ஆயினும் அவன் திருடன் அல்லன். உறக்கமின்றித் தவித்த அவனுக்கு, மருத்துவர் ஒருவர் விளையாட்டாக அபின் கலந்த மருந்தை அவன் அறியாமற் கொடுத்திருந்தார். அந்த மயக்கத்தில், வைரம் பத்திரமாக இருக்கட்டும் என்ற கவலையால் அவனே எழுந்து சென்று எடுக்கிறான். விடிந்தபின் ஒன்றும் நினைவில் இல்லை. அவன் கையிலிருந்து வாங்கிப் பாதுகாப்பதாகச் சொல்லி, அப்படியே அமுக்கிக்கொண்டவன் காட்ஃப்ரி ஏபிள்வைட். அறச்சங்க மேடைகளிற் பேசிப் பெண்மணிகளின் நன்மதிப்பைப் பெற்ற கனவான்! அவன்மேல் மட்டும் யாரும் கடைசிவரை உறுதியாக ஐயம் வைக்கவில்லை. பின்னர் அவன் அந்த இந்தியர் கையால் மடிகிறான். வைரம் இந்தியா திரும்புகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிளேக் வைரத்தை எடுத்ததை ரேச்சல் தன் கண்ணாலேயே கண்டாள். காண்டலில் பிழை இல்லை. 'ஆகவே அவன் கள்வன்' என்று அவள் கருதியதிலேதான் பிழை. கண்ணால் கண்டதும் பொய் என்னும் நம்மவர் சொல், கண்ணைக் குறை கூறவில்லை. கண்டதற்கு அப்பால் மனம் தாவும் தாவலையே குறை கூறுகிறது.

உண்மையை வெளிக்கொணர்பவர் எஸ்ரா ஜென்னிங்ஸ் என்னும் மருத்துவத் துணைவர். அவர் குடியேற்ற நாடொன்றிற் பிறந்தவர், கலப்பு இரத்தத்தவர், மாநிறத்தவர். பொய்ப்பழி ஒன்று அவரை வாழ்நாள் முழுதும் துரத்தியது. ஊரார் அவரைக் கண்டால் விலகுவர். தம் நோயின் வலியைத் தணிக்க அபின் உண்டுவந்த அவருக்கே அதன் இயல்பு தெரிந்திருந்தது. மீண்டும் பிளேக்குக்கு அபின் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் அன்றைய இரவை அப்படியே நடத்திக் காட்டி, அவனுடைய குற்றமின்மையை நிறுவுகிறார். ஊரே ஐயுற்ற ஒருவர் மற்றொருவர்மேல் விழுந்த ஐயத்தை நீக்குகிறார். காலின்ஸும் அந்நாளில் நோய்க்காக அபின் மருந்து உண்டவரே. அந்நூற்றாண்டிற் பேராக்கின் ஈயச் சுரங்கத் தொழிலாளரிடையே அபின் பரவியிருந்ததையும், அரசாங்கமே அதிலிருந்து வருவாய் ஈட்டியதையும் அறிந்த கிந்தா மக்களுக்கு, ஒரு மருந்தின் மயக்கம் கதையின் முடிச்சாவது விந்தையாகத் தோன்றாது.

மெய்யாக நடந்த ஒரு வழக்கு

இந்நாவலுக்குப் பின்னணியாக ஓர் உண்மை வழக்கு உண்டு. 1860ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், வில்ட்‌ஷயர் எல்லையில் உள்ள ரோட் என்னும் சிற்றூரில் ஒரு மாளிகையைச் சேர்ந்த, நான்கு வயது நிரம்பாத ஆண் குழந்தை கொலையுண்டு கிடந்தது. உள்ளூர்க் காவலரின் ஐயம் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்மேற் சென்றது. இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட துப்பறிவாளர் ஜொனத்தன் விச்சர், சலவைக் கணக்கில் ஓர் இரவு உடை குறைவதைக் கண்டு, குழந்தையின் மாற்றாந்தாய் வழித் தமக்கையான 16 வயது கான்ஸ்டன்ஸ் கெண்டைக் கைது செய்தார். அந்த உடை கிடைக்கவில்லை. சான்று போதாதென்று அவள் விடுவிக்கப்பட்டாள். உயர்குடிப் பெண்மீது பழி சுமத்தினார் என்று விச்சரை ஊரும் நாளேடுகளும் தூற்றின. ஐந்தாண்டு கழித்து, 1865இல், கான்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். கஃப் என்னும் பாத்திரத்திற்கும், காணாமற்போன இரவு உடைக்கும் இவ்வழக்கே தூண்டுகோல்.

விச்சரின் ஐயம் சரியாயிற்றே, அப்படியானால் நீதிபதிகள் அவளை விடுவித்தது தவறன்றோ என்று கேட்கலாம். தவறன்று. ஐயம் பின்னாளில் மெய்யாகலாம் என்பதற்காக, இன்று சான்றின்றித் தண்டித்தல் முறையாகாது. அவ்வழியைத் திறந்துவிட்டால், அதில் முதலில் தள்ளப்படுபவள் கான்ஸ்டன்ஸ் அல்லள். அந்தப் பணிப்பெண்ணே ஆவாள்.

சிலம்பு என்னும் வழக்கு

ஆராயாமல் வழங்கும் தீர்ப்பு என்ன செய்யும் என்பதைத் தமிழர்க்கு இளங்கோவடிகள் முன்னமே காட்டியுள்ளார். சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பு களவு போயிற்று. கள்வன் பொற்கொல்லன். அகப்பட்டவன் கோவலன், மதுரைக்குப் புதியவன், நகர்ப்புறத்து ஆயர்பாடியில் தங்கியவன். நாவலிற் போலவே இங்கும் வேற்றாளே எளிதில் அகப்படுகிறான். காவலர் சிலர் அவன் முகத்தைக் கண்டு கள்வன் அல்லன் எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ களவு நூல் கூறும் உபாயங்களை அடுக்கி, அத்தோற்றமே கள்வனின் திறமை என்று வாதிடுகிறான். குற்றமின்மையின் அடையாளத்தையே குற்றத்தின் அடையாளமாக மாற்றிவிடும் வாதம் இது. ஊர்ப் பேச்சுகளில் இன்றும் கேட்கலாம்.

வழக்கைத் தீர்க்கும் சான்று எத்துணை எளியது என்று பாருங்கள்! அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். கொல்லுமுன் உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் உண்மை விளங்கியிருக்கும். கண்ணகி அதை உடைத்தபோது பாண்டியன் உண்மையை உணர்ந்தான், உயிரையும் நீத்தான். ஆனால் கோவலன் மீளவில்லை. சந்திரகாந்தக் கல்லில் வண்ணக்கறை செய்ததைச் சிலப்பதிகாரத்தில் பரல் செய்தது. ஒன்று காலத்திற்குள் ஆராயப்பட்டதால் பிளேக் மீண்டான். மற்றொன்று காலங்கடந்து ஆராயப்பட்டது. செங்கோன்மை அதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர் ஆராய்தலை முன்வைத்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழிலும் துப்பறியும் இலக்கியம் நூறாண்டைக் கடந்தது. ச. ம. நடேச சாஸ்திரியார் 1894இல் 'தானவன்' கதையை வெளியிட்டார். பின்னர் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும், தேவனின் சாம்புவும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் வாசகரைக் கவர்ந்தனர். இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய ஆசிரியர் பலர். ஒருவாறு அது சரியே. விறுவிறுப்பு ஒன்றையே நம்பியவை அவற்றுள் உண்டு. ஆனால் நல்ல துப்பறியும் கதை, மாணவனுக்கு அளவை நூலின் முதற்பாடமாகப் பயன்படும்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்தும் ஆசிரியர், கரும்பலகையில் மூன்று கட்டம் இடலாம். முதற் கட்டத்தில் காவலர் கண்டது. இரண்டாவதில் அவர்கள் கருதியது. மூன்றாவதில் பிறர் சொல்லக் கேட்டது. மாணவர் ஒவ்வொரு செய்தியையும் உரிய கட்டத்தில் எழுதட்டும். 'அவன் கையில் சிலம்பு இருந்தது' என்பது முதற் கட்டம். 'அது அரசியின் சிலம்பு' என்பது மூன்றாம் கட்டம், சொன்னவன் பொற்கொல்லன். 'ஆகவே அவன் கள்வன்' என்பது இரண்டாம் கட்டம். எழுதி முடித்ததும், ஓர் உயிர் போவதற்குக் காரணமான தீர்ப்பு எந்தக் கட்டத்தின்மேல் நின்றது என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.

அந்தப் பழக்கம் மனத்திற் படிந்துவிட்டால் அது ஏட்டோடு நில்லாது. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போகும் நாள் வரும். அன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பையை எல்லாரும் நோக்கும்போது, 'யார் கண்டது?' என்று கேட்க ஒரு மாணவனாவது எழுந்து நிற்பான். சந்திரகாந்தக் கல்லையும் சிலம்பையும் படித்ததன் பயன் அதுவேயாகும்.